திரும்பாத மேடு

சிங்கப்பூர் ஆய்வுக்கூடங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் சிலர் மாதம் ஒருமுறை சிராங்கூன் சாலையில் கூடிச் சாப்பிடுகிறீர்கள். போனமுறை என்னையும் கூப்பிட்டீர்கள். ஓய்வுபெற்றவனிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் உங்களில் ஒருவர் கேட்டார்: "இவ்வளவு வருஷத்துல உங்களால மறக்கவே முடியாதது எது அங்கிள்?" வாழை இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சரியான பதில் வரவில்லை. காத்தோங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் வந்தது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கருவியை எப்படி ஓட்டுவது, எப்படிக் கழுவுவது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதற்கு உங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள், எங்களுக்குக் கிடைத்ததைவிட நல்ல பயிற்சி. நான் சொல்ல வருவது, ஒரு காலைப்பொழுதில் ஒரு பெண்மணி எடுத்த முடிவைப் பற்றி.

அவர் பெயர் வேண்டாம். இன்னும் வேலையில் இருக்கிறார். தன்னைப் புகழ்ந்து யாராவது பேசினால் அறையை விட்டே எழுந்து போய்விடுகிறவர். 'டாக்டர்' என்றே சொல்கிறேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மேல்படிப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வயதில் என்னைவிடச் சிறியவர், பதவியில் எனக்கு மேலே. என்னை 'அண்ணே' என்பார். கருவிகள் எல்லாம் என் பொறுப்பு, கேள்விகள் எல்லாம் அவர் பொறுப்பு. அப்படித்தான் எங்கள் ஆய்வுக்கூடம் நடந்தது.

அவருடைய கேள்வி பெரிய கேள்வி. உயிர் தோன்றுவதற்கு முன்னால் பூமியில் சர்க்கரை எப்படி வந்தது?

நாம் காப்பியில் போடுகிற சர்க்கரையைச் சொல்லவில்லை. நம் மரபணுவின் முதுகெலும்பே ஒரு சர்க்கரைதான். அது இல்லாமல் உயிர் இல்லை. ஆனால் சர்க்கரையைச் செய்ய இன்று உயிர் இருக்கிறது, செடி இருக்கிறது. எதுவுமே இல்லாத காலத்தில் யார் செய்தார்கள்? சின்னச் சின்ன மூலக்கூறுகளைச் சுண்ணாம்பு நீரில் போட்டுச் சூடாக்கினால் சர்க்கரைகள் உண்டாகும் என்பது பழைய செய்தி. ஆனால் அப்படி வருவது ஒரு பழுப்புக் குழம்பு. எல்லா வகைச் சர்க்கரையும் அதில் கலந்து கிடக்கும். இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் இரண்டு கைகளைப் போல, சர்க்கரை மூலக்கூறுகளிலும் இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவம் உண்டு. உயிர் வலக்கைச் சர்க்கரையை மட்டுமே எடுத்துக்கொண்டது. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் மட்டும் இடக்கை வடிவத்தை எடுத்துக்கொண்டது. இது ஏன் என்று யாருக்கும் தெரியாது.

டாக்டரின் யோசனை இதுதான். உயிருக்கு முந்தைய குட்டைகளில் அமினோ அமிலம் சும்மா கிடக்கவில்லை. சர்க்கரை உண்டாவதை அதுவே தூண்டிவிட்டது. தூண்டிவிடும்போது தன்னுடைய கையமைப்பால் சர்க்கரையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. வேறு நாடுகளிலும் சிலர் இப்படி எண்ணினார்கள். எங்கள் கூடத்தில் அதை மேசைமேல் வைத்துப் பார்த்தவர் ஷாமினி.

ஷாமினி இங்கேயே, ஈசூனில் வளர்ந்த பெண். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர். திருமணமாகி, ஒரு குழந்தையும் பிறந்த பிறகு, நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்தார். "பைத்தியமா உனக்கு" என்று வீட்டில் கேட்டார்களாம். சிரித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

அவர் செய்த சோதனை பார்ப்பதற்கு எளியது. இரண்டு கார்பன் கொண்ட மிகச் சிறிய சர்க்கரைத் துண்டுகள், வெதுவெதுப்பான தண்ணீர், இடக்கை அமினோ அமிலம். அவ்வளவுதான். அந்தத் துண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு கார்பன் சர்க்கரை ஆகும். அதில் இடக்கை எவ்வளவு, வலக்கை எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது என் கருவி. திரையில் இரண்டு மேடுகள் எழும்பும், இடது மேடு இடக்கைக்கு, வலது மேடு வலக்கைக்கு. சமமாக எழும்பினால் எதுவும் நடக்கவில்லை என்று பொருள்.

அன்று சமமாக எழும்பவில்லை. வலது மேடு, இடது மேட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நின்றது.

"அங்கிள், சும்மா விளையாடாதீங்க லா. இது ரியலா?" என்றார் ஷாமினி.

"நான் என்ன விளையாடுறது? மெஷின் காட்டுது," என்றேன்.

திரும்பத் திரும்ப ஓட்டினோம். அதேதான் வந்தது. அமினோ அமிலம் போடாமலும் ஓட்டினோம். மேடுகள் சமமாக இருந்தன. இதைவிட என்ன வேண்டும்? அந்தத் துறையில் அவ்வளவு பெரிய சாய்வை நான் கேள்விப்பட்டதில்லை. செய்தி மேலே போனது. எங்கள் இயக்குநர் மாடியிலிருந்து இறங்கி வந்து திரையைப் பார்த்தார். அவர் அப்படி வருகிறவர் அல்ல. வெளிநாட்டு மதிப்பீட்டுக் குழு ஒன்று விரைவில் வர இருந்தது. எங்கள் கூடம் தொடர்வதா வேண்டாமா என்பது அவர்கள் கையில். "இதைத்தான் அவர்களுக்குக் காட்டப் போகிறோம்," என்று ஆங்கிலத்தில் சொல்லி ஷாமினியின் கையைக் குலுக்கினார். பத்திரிகைக்காரர்களையும் அழைக்கலாம் என்றார்.

டாக்டர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, கண்ணாடி பாக்கணும்," என்றார் என்னிடம்.

கண்ணாடி என்று அவர் சொன்னது ஒரு சோதனையை. கண்ணாடி முன் நின்று வலது கையைத் தூக்கினால், உள்ளே இருப்பவர் இடது கையைத் தூக்குவார். அதுபோல, இடக்கை அமினோ அமிலம் உண்மையிலேயே வலக்கைச் சர்க்கரையைத் தருகிறது என்றால், வலக்கை அமினோ அமிலத்தைப் போட்டால் இடக்கைச் சர்க்கரைதான் அதிகம் வர வேண்டும். சாய்வு அதே அளவு, பக்கம் மட்டும் மாற வேண்டும். இதில் இயற்கை யாருக்கும் சலுகை தருவதில்லை.

வலக்கை அமினோ அமிலம் எளிதில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். கேட்டு அனுப்பினோம், தாமதமானது. வந்து சேர்ந்தபோது குழு வருவதற்குச் சில நாட்களே இருந்தன. கலந்து வைத்து, வினை நடந்து முடிந்து, கருவிக்கு வரும்போது குழு வரும் நாளே வந்துவிடும் என்று ஷாமினி கணக்குப் போட்டார்.

இயக்குநர் டாக்டரைக் கூப்பிட்டு, "அதை அடுத்த மாதம் ஓட்டலாமே. இப்போது இருப்பதைக் காட்டுங்கள். அதில் பொய் எதுவும் இல்லையே," என்றார். நானும் அந்த அறையில் இருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. எத்தனையோ பேருடைய வேலை அவர் தலைமேல் இருந்தது.

"கையில இருக்கிற சோதனையை ஓட்டாம விட்டா, அதுவே ஒரு பதில் மாதிரி ஆயிரும் சார்," என்று டாக்டர் சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது.

குழு வரும் நாள் காலை. தேக்காவில் வாங்கிய பால் சேர்க்காத கோப்பி ஓ மூன்று பொட்டலங்களை மேசைமேல் வைத்துவிட்டு, ஷாமினி கொடுத்த மாதிரியைக் கருவியில் ஏற்றினேன். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். முதலில் இடது மேடு எழும்பியது. சுமாரான உயரம். இறங்கியது. பிறகு வலது மேடு எழும்பத் தொடங்கியது. அது ஏறிக்கொண்டே போனது.

வலக்கை அமினோ அமிலத்துக்கும் வலது மேடுதான் பெரிது. பக்கம் மாறவில்லை.

"டாக்டர்…" என்றார் ஷாமினி. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு ஆண்டு உழைப்பு அந்தத் திரையில் இருந்தது. அவர் விட்டுவந்த வேலையும் அதில் இருந்தது என்று நினைக்கிறேன்.

டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷாமினியின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, "ஷாமினி, இங்க பாரு. ஒரு தடவை ஓட்டினதை வச்சு சந்தோஷமும் படாதே, அழவும் அழாதே. முகத்தைக் கழுவிட்டு வா. நீயும் உள்ள வந்து உட்காரணும்," என்றார்.

"நான் எப்படி டாக்டர் வர்றது? எல்லாம் போச்சே."

"போச்சா இல்லையான்னு நமக்கு இன்னும் தெரியாது. தெரியாதுன்னுதான் சொல்லப் போறேன்."

இயக்குநருக்குத் தகவல் போய், அவர் வேகமாக வந்தார். திரையைப் பார்த்தார். அவர் சொன்னதும் நியாயமாகவே இருந்தது. "ஒரே ஒரு முறை ஓட்டியது. மாதிரி கெட்டுப்போயிருக்கலாம், கலந்ததில் தவறு இருக்கலாம். உறுதியாகாத ஒன்றைக் குழுவுக்குக் காட்டத் தேவையில்லை. உறுதியானதை மட்டும் காட்டுங்கள்."

இளையவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். யாரும் டாக்டரைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. பல தடவை ஓட்டி உறுதிசெய்தது ஒன்று, ஒரே தடவை ஓட்டியது இன்னொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதைப் பையில் வைத்துக்கொள்வதற்கு விதிப்படி இடம் இருந்தது. உங்களுக்கு வரப்போகிற சோதனைகளும் பெரும்பாலும் இப்படித்தான் வரும். தப்பு என்று முகத்தில் எழுதிக்கொண்டு வராது.

"நம்ம முதல் முடிவு சரியான்னு சொல்ற ஒரே சோதனை இதுதான் சார்," என்றார் டாக்டர். "இதை விட்டுட்டு அதை மட்டும் காட்டினா, நான் அவங்ககிட்ட என்ன காட்டுறேன்னு எனக்கே தெரியாது." குரல் உயரவில்லை. ஆனால் அவர் கோப்பியைத் தொடவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

கூட்ட அறையில் குழுவினர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ஷாமினி கடைசி வரிசையில், சிவந்த கண்களோடு. டாக்டர் முன்னுரை எதுவும் சொல்லவில்லை. முதல் படமாகவே இரண்டையும் போட்டார். இடது பாதியில் பழைய ஓட்டம், வலது பாதியில் அன்று காலை ஓட்டம், ஒரே அளவுகோலில், சுவர் அளவுக்குப் பெரிதாக.

"நேற்றுவரை நாங்கள் ஒரு கண்டுபிடிப்பைச் செய்திருப்பதாக நினைத்தோம்," என்று தொடங்கினார். "இன்று காலை அது எங்கள் சோதனையில் தேறவில்லை. இந்த மேடு என்ன என்று எங்களுக்குத் தெரியாது. கண்ணாடிச் சோதனையை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் மகிழ்ச்சியடைய விட்டது கூடத்தின் தலைவரான என் தவறு. என் மாணவியின் வேலையில் குறை இல்லை."

இயக்குநர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "டாக்டர், ஹைட்டைப் பாருங்க! ரெண்டும் ஒரே ஹைட் இல்ல!"

ஷாமினிதான். எழுந்தே நின்றுவிட்டார். அத்தனை வெளிநாட்டார் முன்னால் தமிழில் கத்திவிட்டோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

டாக்டர் குழுவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உண்மைதான். இரண்டு படத்திலும் வலது மேடுதான் பெரிது. ஆனால் காலை ஓட்டத்தில் அது கொஞ்சம் குள்ளம். இடது மேடோ காலை ஓட்டத்தில் கொஞ்சம் உயரம். என் கருவியின் சிறிய திரையில், ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தபோது, அது யார் கண்ணிலும் படவில்லை. பெரிய மேடு பக்கம் மாறியதா என்று மட்டுமே பார்த்தோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. அப்படியென்றால் பெரிய மேட்டுக்குள் ஒளிந்து, ஒரு சின்னச் சாய்வு உண்மையிலேயே பக்கம் மாறியிருக்கலாம்.

டாக்டர், குழு அங்கே இருப்பதையே மறந்துவிட்டார். பிறகு திரும்பி, "மன்னிக்க வேண்டும். என் மாணவி இப்போது கேட்ட கேள்வி, நான் இங்கே சொல்ல வந்ததைவிட முக்கியமானது. அதற்கும் என்னிடம் பதில் இல்லை," என்றார். ஷாமினியை முன்னால் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னார். பாடம் நடத்திப் பழகியவர் அல்லவா, சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றதும் ஷாமினிக்குக் குரல் திரும்பிவிட்டது.

குழு கைதட்டி எழுந்தது என்று நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம். நாங்கள் கேட்ட காலத்தில் பாதிக்கு மட்டுமே நீட்டிப்புத் தந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வரவில்லை. எங்கள் பெரிய அறை வேறொரு குழுவுக்குப் போய், நாங்கள் ஜன்னல் இல்லாத அறைக்கு மாறினோம். டாக்டரும் அட்டைப் பெட்டிகளை எங்களோடு சேர்ந்து தூக்கினார்.

அந்த அறையில்தான் விடை கிடைத்தது. வலது மேட்டை மட்டும் தனியாகப் பிடித்து, மூலக்கூறின் எடையைக் காட்டும் இன்னொரு கருவிக்கு அனுப்பினோம். ஒரே பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எடை வந்தது. சர்க்கரையோடு இன்னொன்றும் ஒளிந்துகொண்டு வந்திருக்கிறது. அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து உண்டான ஒரு துணைப்பொருள். கல்லில் போட்ட பரோட்டா பொன்னிறமாகச் சிவக்கிறதே, அதே குடும்பத்து வினை. அதற்கு இடக்கை வலக்கை என்று எதுவும் கிடையாது. அதனால்தான் எந்த அமினோ அமிலத்தைப் போட்டாலும் அதே அளவில், அதே இடத்தில் வந்து நின்றது. அமினோ அமிலம் போடாதபோது வரவில்லை. எங்களை ஏமாற்றுவதற்கு இதைவிட நல்ல வேடம் கிடையாது.

பிரிக்கும் முறையை மாற்றினேன். அதற்குப் பல மாதங்கள் ஆயின, அந்தக் கதை வேண்டாம். ஒருநாள் அந்த ஒளிந்திருந்த பொருள் தனியாக, தூரமாக, ஒரு சின்ன மேடாக விலகிப் போய் நின்றது. மிச்சம் இருந்தது சர்க்கரை மட்டும். இடக்கை அமினோ அமிலம் போட்டதில் வலது கொஞ்சம் உயரம். வலக்கை போட்டதில் இடது கொஞ்சம் உயரம். அளவு பிசகாமல், கண்ணாடியில் பார்த்ததுபோல.

சாய்வு மிகச் சிறியது. முதலில் கண்டு குதித்தோமே, அதன் பக்கத்தில் வைத்தால் ஒன்றுமே இல்லை. இயக்குநர் ஜன்னல் இல்லாத அறைக்கு வந்து, நின்றபடியே பார்த்தார். "இவ்வளவு சின்னதா? இதை வைத்தா உயிர் தொடங்கியது?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"தொடங்கினதுன்னு நான் சொல்லல சார். தொடங்கியிருக்கலாம். கொஞ்சம் சாஞ்சா போதும், அதை மேல மேல சாய்க்க வேற வழி இருக்கு. அந்தக் குட்டைக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே. நமக்குத்தான் கமிட்டி வருது," என்றார் டாக்டர். இயக்குநர் சிரித்துவிட்டார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் கட்டுரையை உடனே அனுப்பவில்லை. டாக்டர் இன்னொரு காரியம் செய்தார். நான் அவரை வியந்ததெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இப்படிப்பட்ட சாய்வுகள் எல்லாம் அளவீட்டுக் கோளாறு என்று வெளிப்படையாக எழுதிவந்த ஒரு பேராசிரியர் ஐரோப்பாவில் இருந்தார். எங்கள் செய்முறை முழுவதையும், துணைப்பொருள் ஏமாற்றிய கதை உட்பட, அவருக்கே அனுப்பி, "உங்கள் கருவியில், உங்கள் ஆட்களை வைத்துச் செய்து பாருங்கள்," என்று கேட்டார்.

ஷாமினி என்னிடம் வந்து, "அங்கிள், நீங்க சொல்லுங்க லா. நமக்கு ஆகாதவர்கிட்டயே போய் யாராச்சும் குடுப்பாங்களா?" என்று புலம்பினார். நானும் டாக்டரிடம் கேட்டேன்.

"நமக்கு வேண்டியவங்க சரின்னு சொன்னா எனக்குத் தூக்கம் வராதுண்ணே. அவர் சரின்னு சொன்னா வரும்," என்றார்.

மாதங்கள் போயின. அங்கிருந்து எப்போதாவது ஒரு கேள்வி வரும். தண்ணீர் எவ்வளவு சுத்தம், எவ்வளவு சூடு என்று. டாக்டர் அன்றைக்கே பதில் அனுப்புவார். பிறகு கேள்விகளும் நின்றுபோயின. ஷாமினி ஆய்வேட்டை எழுதத் தொடங்கிவிட்டார், கடைசி அத்தியாயத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு.

ஒரு சனிக்கிழமை காலை. நானும் என் மனைவியும் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. டாக்டர். எடுத்து, "சொல்லுங்க டாக்டர்," என்றேன். பதில் இல்லை. சந்தை இரைச்சலில் கேட்கவில்லையோ என்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போனேன். அப்போதுதான் புரிந்தது. அந்தப் பக்கம் அழுகை.

அந்தக் காலையில் திரையின் முன்னால் அவர் அழவில்லை. குழுவின் முன்னால் கண் கலங்கவில்லை. அறையைப் பிடுங்கியபோது முகம்கூட மாறவில்லை.

"அண்ணே," என்றார் கடைசியில். "அந்தப் பேராசிரியர் எழுதியிருக்காரு. ரெண்டு பக்கமும் செஞ்சு பாத்துட்டாங்க. அவங்களுக்கும் பக்கம் திரும்புது. இத்தனை நாளா நான் எழுதினது தப்புன்னு அவரே எழுதியிருக்காரு."

மீன்காரர் பையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். என் மனைவி என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், யாருக்கு என்ன ஆச்சு என்று கையால் கேட்டாள்.

"ஷாமினிக்குச் சொல்லிட்டீங்களா டாக்டர்?"

"இல்லண்ணே. நீங்களே சொல்லிருங்க. நான் அழுதா அந்தப் பொண்ணு பயந்துரும்."